உழவால் இறுகிய மண்: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

பெரம்பலூர்ப் பக்கம் மக்காச்சோளம், பருத்தி, சின்ன வெங்காயம் போடுகிறவர்களிடமிருந்து எனக்குத் திரும்பத் திரும்ப வருகிற புகார் ஒன்றுதான்: “உரமெல்லாம் சரியாத்தான் போட்டோம், பயிர் மட்டும் எழும்ப மாட்டேங்குது.” போய்த் தோண்டிப் பார்த்தால் பெரும்பாலும் குறை சத்தில் இருக்காது. பல வருடமாக ஒரே கருவியால், ஒரே ஆழத்தில், ஈரப்பதம் பார்க்காமல் உழுது உழுது மண்ணின் கட்டமைப்பு கெட்டிருக்கும். அதற்கு மேல் இன்னொரு மூட்டை யூரியா போட்டுப் பயனில்லை.

இதை அறிகுறி வாரியாகப் பிரித்திருக்கிறேன். உங்கள் வயலில் தெரிவது எதுவோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போகலாம். ஆனால் அதற்கு முன்னால் கீழே உள்ள சோதனைகளைச் செய்துவிடுங்கள். தோண்டிப் பார்க்காமல் உளிக்கலப்பைக்கோ (அடிமண்ணை ஆழமாகக் கீறிப் பிளக்கும் கலப்பை) ஜிப்சத்துக்கோ காசு கொடுக்கவே கொடுக்காதீர்கள்.

## முதலில் செய்ய வேண்டிய சோதனைகள்

குழி. பயிர் சரியில்லாத இடத்தில் ஒன்று, டிராக்டர் சக்கரமே படாத வேலி ஓரத்தில் ஒன்று என்று இரண்டு குழி. ஒன்றரை அடி ஆழம் போதும்; ஒரு பக்கச் சுவர் செங்குத்தாக இருக்கட்டும். மண்வெட்டி பட்ட முகம் வழுவழுவென்று ஆகி உள்ளே இருப்பதை மறைத்துவிடும். அதனால் அந்தச் சுவரைக் கத்தி முனையால் கொத்திப் பெயர்த்துவிட்டு, மேலிருந்து கீழாக அங்குலத்துக்கு ஒரு குத்து வீதம் கத்தியைச் செருகிப் பாருங்கள்.

நல்ல மண்ணில் கத்தி ஒரே சீராக உள்ளே போகும். கெட்ட மண்ணில் 5, 6 அங்குலம் வந்ததும் திடீரென்று கை தடுக்கும். இரண்டு மூன்று அங்குலம் தாண்டினால் மறுபடியும் இளகும். தடுத்த இடத்து மண்ணைப் பெயர்த்தெடுத்தால் பொலபொலவென்று உதிராமல் பட்டை பட்டையாக உரியும். பட்டையின் மேல்முகம் லேசாகப் பளபளக்கும். வேர் அதுவரை நேராக இறங்கி, அந்த இடத்தில் மடங்கிப் பக்கவாட்டில் ஓடியிருக்கும். மண்புழுத் துளைகளும் அதற்கு மேலேயே நின்றுவிடும். வேலி ஓரக் குழியில் இதெல்லாம் இல்லையென்றால், இது நிலத்தின் பிறவிக் குணம் கிடையாது, உழவால் வந்தது என்று உறுதியாகச் சொல்லலாம்.

கம்பி. முனை கூராக்கிய 8 மில்லிமீட்டர் கம்பியை, நல்ல மழை பெய்து இரண்டு மூன்று நாள் கழித்து, வயலில் பத்து இடத்திலாவது கையால் அழுத்திப் பாருங்கள். கம்பி எந்த ஆழத்தில் தடுக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். காய்ந்த நிலத்தில் இதைச் செய்யக் கூடாது. காய்ந்தால் எல்லா மண்ணும்தான் கடினம்.

டம்ளர். மேல்மண்ணில் பட்டாணி அளவுக் கட்டிகள் நாலைந்தை நிழலில் நன்றாக உலர்த்தி, கண்ணாடி டம்ளரில் மழைநீர் ஊற்றி மெதுவாகப் போடுங்கள். கலக்கக் கூடாது, ஆட்டக் கூடாது. கட்டி அப்படியே நின்றால் மண் திடமாக இருக்கிறது. ஓரிரு நிமிடத்தில் பொலபொலவென்று உதிர்ந்து விழுந்தால் மக்கு (மண்ணில் மக்கிக் கலந்த இலைதழை, எரு) குறைவு, உழவு அதிகம். இரண்டு மணி நேரம் கழித்துக் கட்டியைச் சுற்றிக் கலங்கல் வட்டம் பரவியிருந்தால் களர்த்தன்மை (மண்ணில் சோடியம் மிகுந்திருப்பது) இருக்கலாம். போர்வெல் தண்ணீரில் செய்யாதீர்கள். அதிலுள்ள உப்பு இந்தக் கலங்கலை வரவிடாமல் மறைத்துவிடும்.

குழாய். 6 அங்குல பிவிசி குழாயில் அரை அடித் துண்டை வெட்டி, பாதியை மண்ணில் அடித்து இறக்குங்கள். உள்ளே 450 மில்லி தண்ணீர் ஊற்றினால் ஏறக்குறைய ஓர் அங்குல மழைக்குச் சமம். முதல் முறை ஊற்றுவது மண்ணை நனைக்க. அது இறங்கியதும் அதே அளவு மறுபடி ஊற்றி, அது இறங்குகிற நேரத்தைப் பாருங்கள். வேலி ஓரத்திலும் இதையே செய்து ஒப்பிடுங்கள். பல வயல்களில் இந்த இரண்டு நேரத்துக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்த்த பிறகு நான் எதுவும் பேச வேண்டியிருந்ததில்லை.

## அறிகுறி: மழை விட்ட மறுநாளும் தண்ணீர் தேங்கி நிற்கிறது

எங்கே நிற்கிறது என்று முதலில் பாருங்கள்.

*பள்ளத்தில் மட்டும் என்றால்* மண்ணில் குறை இல்லை, மட்டத்தில்தான் குறை. ஒரே பக்கமாக மண்ணைத் தள்ளுகிற கலப்பையால் வருடாவருடம் ஒரே சுற்றில் உழுதால் நடுவில் பள்ளமும் ஓரத்தில் மேடும் விழும். சுற்றும் திசையை மாற்றி உழுது, பரம்படித்துச் சமன்செய்தால் போதும்.

*சக்கரத் தடத்தில் மட்டும் என்றால்* ஈரத்தில் வண்டி இறங்கியிருக்கிறது. சக்கரம் முதல் தடவை ஓடும்போதுதான் இறுக்கத்தின் பெரும்பகுதி விழுகிறது. அதனால் ஒவ்வொரு முறையும் புதிய தடத்தில் ஓட்டி வயல் முழுக்கப் பரப்புவதைவிட, மருந்தடிக்க, எரு இழுக்க எல்லாவற்றுக்கும் ஒரே தடத்தில் ஓட்டுவதே மேல். டிராக்டர்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

*வயல் முழுக்க நின்றால்* தேங்கிய இடத்தில் ஒரு கொத்து கொத்துங்கள். ஓர் அங்குலத்துக்குக் கீழே மண் காய்ந்து கிடந்தால் மேலே பொருக்கு, அதாவது மேல்மண் இறுகிய மெல்லிய ஓடு. அடுத்த அறிகுறிக்குப் போங்கள். மேல் 5 அங்குலம் சேறாகவும் அதற்குக் கீழே உலர்ந்தும் இருந்தால் அடிமண் தட்டு, அதாவது குழியில் கத்தி தடுத்த அந்த இறுகிய அடுக்கு; அதற்கடுத்த அறிகுறி உங்களுக்கு.

*தேங்கிய தண்ணீர் இரண்டு நாள் ஆகியும் தெளியவில்லை, டம்ளரிலும் கலங்கல் வந்தது என்றால்* இதற்கு மேல் நீங்களாக எதுவும் செய்ய வேண்டாம். மண் பரிசோதனை நிலையத்தில் கார அமில நிலையும், மின் கடத்துத் திறனும், ஜிப்சம் எவ்வளவு தேவை என்பதும் பார்க்கச் சொல்லுங்கள். கார அமில நிலை 8.5-க்கு மேல் போனால் களர் என்று சந்தேகிக்கலாம். களருக்கு ஜிப்சம் பலன் தரும். உப்பு மிகுந்த உவர் மண்ணுக்கு அது தீர்வு ஆகாது. நல்ல தண்ணீர் கட்டி, வடிகால் வைத்து உப்பைக் கழுவ வேண்டும். இரண்டையும் குழப்பிக்கொண்டு லாரி லாரியாக ஜிப்சம் இறக்கிய நிலங்கள் இருக்கின்றன.

## அறிகுறி: விதை முளைக்கவில்லை, அல்லது முளை மண்ணுக்குள்ளேயே வளைந்து கிடக்கிறது

செம்மண் நிலத்தில் விதைத்த இரண்டு நாளில் ஒரு கனமழை பெய்து, உடனே வெயில் அடித்தால் இது வரும். மேலே அரை அங்குலத்துக்குப் பொருக்குத் தட்டிவிடும். விரலால் நெம்பினால் சில்லுச் சில்லாகப் பெயரும். அடியில் முளை வெளுத்து, மடங்கி நிற்கும்.

உடனடியாக: முளை வெளியே வருவதற்குள் செயல்பட வேண்டும். தெளிப்பு நீர் இருந்தால் மண் மேலாக நனையும் அளவுக்கு லேசாக விடுங்கள். இல்லையென்றால் முள்கிளையை வரிசைக்குக் குறுக்காக இழுத்துப் பொருக்கை உடைக்கலாம். முளை தலை காட்டிய பிறகு இழுத்தால் முளையே ஒடிந்துவிடும்.

காரணம் 1, ரோட்டாவேட்டரை (சுழலும் கத்திகளால் மண்ணைப் பொடியாக்கும் கருவி) அளவுக்கு மீறி ஓட்டியது. அநேகமாக எல்லா இடத்திலும் இதுதான். கொத்துக்கலப்பை (கல்டிவேட்டர்) இரண்டு சால், அதாவது இரண்டு தடவை, அதன் மேல் ரோட்டாவேட்டர் இரண்டு சால், “இன்னொரு தடவை ஓட்டினா நல்லா இருக்கும்” என்று மூன்றாவது. மண் சலித்த மாவு போல் ஆனால் பார்வைக்கு அழகுதான், ஆனால் முதல் மழைத்துளியிலேயே துகள்கள் கலைந்து இடுக்குகளை அடைத்துவிடும். மக்காச்சோளத்துக்கும் பருத்திக்கும் அவ்வளவு நைஸ் தேவையே இல்லை. கோலிக்குண்டு அளவுக் கட்டிகள் மேலே கிடந்தால் அவை மழையின் அடியைத் தாங்கும். ரோட்டாவேட்டர் ஒரு சாலோடு நிற்கட்டும், வண்டியின் வேகத்துக்குத் தகுந்தபடி சுழற்சியையும் குறைத்து ஓட்டச் சொல்லுங்கள். மணிக்கணக்குக்கு வாடகை என்பதால் இதில் உங்களுக்குக் காசும் மிச்சம்.

காரணம் 2, மண் வெறுமையாகக் கிடப்பது. மக்காச்சோளத் தட்டையைக் கொளுத்தாமல் பொடித்து மேலேயே விடுங்கள். மேல்மண் மூடியிருந்தால் பொருக்கு குறையும்.

காரணம் 3, மக்கு குறைந்தது. மண்வள அட்டையில் கரிமச்சத்து 0.5 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் ஏக்கருக்கு 5 டன் தொழுவுரமோ மக்கிய தென்னை நார்க் கழிவோ தேவைப்படும். அவ்வளவு எரு கிடைக்கவில்லையா? ஏக்கருக்கு 20 கிலோ தக்கைப்பூண்டு (பசுந்தாள் உரப்பயிர்) விதைத்து, 40–45 நாளில் பூக்கும் தறுவாயில் மடக்கி உழுங்கள். ஆட்டுக்கிடை போடுவதும் நல்லது, ஆனால் நிலம் காய்ந்திருக்கும்போது மட்டும்; ஈரத்தில் ஆட்டுக் குளம்பே மண்ணை இறுக்கும்.

காரணம் 4, களர். டம்ளரில் கலங்கல் வந்தவர்களுக்கு மட்டும். மேற்பரப்பு இறுக்கத்துக்குத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் எக்டேருக்கு 2 டன் சுண்ணாம்போ ஜிப்சமோ சொல்கிறது. ஏக்கருக்கு 800 கிலோ வரும். புளிப்பு மண்ணுக்குச் சுண்ணாம்பு, களருக்கு ஜிப்சம். எது உங்களுடையது என்று பரிசோதனைத் தாள் சொன்ன பிறகே வாங்குங்கள்.

## அறிகுறி: தண்ணீர் விட்டு நாலு நாளில் பயிர் வாடுகிறது, காற்றடித்தால் சாய்கிறது

வாடிய செடியைப் பிடுங்காமல், பக்கத்தில் தோண்டி எடுங்கள். வேர் ஓர் இடத்தில் மடங்கிப் பக்கவாட்டில் போயிருந்தால் அடிமண் தட்டு. இந்தக் கோளாறைத்தான் நான் அதிகமாகப் பார்க்கிறேன், இதில்தான் வீண் செலவும் அதிகம் நடக்கிறது. தட்டு எந்த ஆழத்தில் இருக்கிறது என்பதை வைத்துப் பிரியுங்கள்.

5–6 அங்குலத்தில் இருந்தால் ரோட்டாவேட்டர் போட்ட தட்டு. அதன் கத்தி எட்டுகிற ஆழமே அவ்வளவுதான். ஈரத்தில் ஓட்டும்போது கத்தியின் வளைந்த முனை அடியில் இருக்கிற மண்ணை ஒவ்வொரு சுற்றிலும் பூசி மெழுகிவிட்டுப் போகிறது. இதற்கு உளிக்கலப்பை தேவையில்லை. கோடை மழைக்குப் பிறகு நிலம் பதமாக இருக்கும்போது கொத்துக்கலப்பையை 8, 9 அங்குலம் இறக்கி, குறுக்கும் நெடுக்கும் இரண்டு சால் ஓட்டினாலே உடையும். பிறகு இரண்டு பருவத்துக்கு ரோட்டாவேட்டரை வயலில் இறக்காதீர்கள்.

8–12 அங்குலத்தில் இருந்தால் சட்டிக்கலப்பையையோ (வட்டத் தட்டுகள் பூட்டிய கலப்பை) கொத்துக்கலப்பையையோ பல வருடம் ஒரே ஆழத்தில் ஓட்டியது. எரு லாரி, அறுவடை இயந்திரம் போன்ற பார வண்டிகளும் சேர்ந்திருக்கும். இங்கே செலவுக்குப் போவதற்கு முன்னால் ஒன்றைப் பாருங்கள்: உங்களுடையது கரிசலா? கரிசலில் கோடை வெடிப்பு ஒன்றரை அடி, இரண்டு அடி இறங்கினால் தட்டு தானாகவே பிளக்கும். அப்படிப்பட்ட நிலத்தை ஒரு கோடை முழுக்கத் தண்ணீர் காட்டாமல் காயவிடுங்கள். அடுத்த பயிருக்கு மறுபடி குழி தோண்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம்.

செம்மண் வெடிக்காது. அங்கே இரண்டு வழி. மெதுவான வழி: துவரை, ஆமணக்கு போல ஆணிவேர் இறங்குகிற பயிரை ஒரு பருவம் போடுவது. தட்டு மெல்லியதாக இருந்தால் மழைக்காலத்தில் அது இளகும் நேரம் பார்த்து வேர் துளைத்து இறங்கும். அது மக்கிய பிறகு அந்தத் துளை அடுத்த பயிரின் வேருக்கு வழி. வேகமான வழி உளிக்கலப்பை.

உளிக்கலப்பை ஓட்டுவதாக இருந்தால்:

அரை மீட்டர் இடைவெளியில் ஒரு திசையிலும், அதற்குக் குறுக்காக மறு திசையிலும் ஓட்ட வேண்டும். தட்டின் அடிப்பகுதிக்கு இரண்டு அங்குலம் கீழே உளி போனால் போதும். அதற்கு மேல் ஆழம் போவது டீசலுக்குத்தான் கேடு. 35 முதல் 45 குதிரைத்திறன் வண்டி வேண்டும்.

அடிமண் காய்ந்திருக்க வேண்டும், அதுதான் முக்கியம். காய்ந்த தட்டில் உளி போகும்போது இரண்டு பக்கமும் வெடித்துப் பிளந்து, மேல்மண் லேசாகத் தூக்கிக்கொடுக்கும். ஈரமான தட்டில் கத்தி கோடு கிழிக்கும், அவ்வளவுதான். மேல்மண் காய்ந்திருப்பதை நம்ப வேண்டாம். உளி போகிற ஆழத்து மண்ணை எடுத்துக் கையில் நசுக்கிப் பாருங்கள். முதல் சாலில் பத்தடி ஓட்டியதும் வண்டியை நிறுத்திவிட்டுத் தோண்டுங்கள். உளி போன தடத்துக்கு இரண்டு பக்கமும் பிளவு தெரியவில்லை என்றால் அன்றைக்கு வேலையை நிறுத்திவிடுவதே சரி.

உடைத்த உடனே ஏக்கருக்கு 5 டன் எரு போட்டு, ஆழ வேர் விடும் பயிரை வையுங்கள். அதே வாரம் பார லாரியை இறக்கினால் முன்பைவிட மோசமாக இறுகும், ஏனென்றால் இளகிய மண் பாரத்தைத் தாங்காது. சரியாகச் செய்தால் மூன்று வருடத்துக்கு ஒருமுறை போதும். வருடாவருடம் தேவைப்பட்டால், உங்கள் உழவுமுறையில் ஏதோ ஒன்று மறுபடி மறுபடி தட்டை உருவாக்குகிறது என்று பொருள்.

“அகல உழுவதைவிட ஆழ உழு” என்பதை வருடாவருடம் பின்பற்ற வேண்டிய கட்டளையாக எடுத்துக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். தட்டே இல்லாத நிலத்தை ஆழப் பெயர்ப்பதில் எந்த லாபமும் இல்லை. அடியில் உள்ள வளமற்ற மண் மேலே வந்துவிடும், அவ்வளவுதான்.

ஆள் கூப்பிட வேண்டிய இடம்: ஒரு அடிக்குக் கீழே தடுக்கிறது, வேலி ஓரக் குழியிலும் அப்படியே இருக்கிறது, வெள்ளைக் கட்டிகள் வருகின்றன, பொடித்து எலுமிச்சைச் சாறு விட்டால் பொங்குகிறது என்றால் அது சுக்கான், அதாவது சுண்ணாம்புக் கல் அடுக்கு. உளியும் உடையும், நிலமும் மாறாது. வேளாண் அறிவியல் நிலையத்து மண்ணியல் நிபுணரை அழைத்து, என்ன பயிர் வைக்கலாம் என்று கேட்பதே புத்திசாலித்தனம். மற்றவர்கள், வாடகைக்கு உளிக்கலப்பை வேண்டுமென்றால் அரசின் உழவன் செயலியிலோ வேளாண்மைப் பொறியியல் துறை உதவிச் செயற்பொறியாளர் அலுவலகத்திலோ கேளுங்கள். கோடையில் எல்லோரும் கேட்பார்கள், அதனால் பங்குனியிலேயே சொல்லிவைப்பது நல்லது.

## அறிகுறி: உழுதால் தலை அளவுக் கட்டியாகப் பெயர்கிறது

ஈரத்தில் உழுதிருக்க வேண்டும், அல்லது நன்றாகக் காய்ந்த பிறகு உழுதிருக்க வேண்டும். கட்டியை உடைத்துப் பாருங்கள்: ஒரு முகம் வழவழப்பாக மினுங்கினால் ஈரத்தில் உழுதது.

இதைத் தடுக்கக் காசே தேவையில்லை. கலப்பை எட்டுகிற ஆழத்திலிருந்து ஒரு பிடி மண் எடுத்து உருண்டை பிடியுங்கள். அதை உள்ளங்கையில் பென்சிலைவிட மெல்லிய திரியாக உருட்ட முடிந்தால் இன்னும் ஈரம் அதிகம், வண்டியைத் திருப்பி அனுப்புங்கள். உருண்டை பிடிபட்டு, இடுப்பு உயரத்திலிருந்து போட்டால் சிதறினால் பதம். உருண்டையே பிடிபடாவிட்டால் காய்ந்துவிட்டது. கரிசலில் இந்தப் பதம் மிகக் குறைந்த நாட்களுக்குத்தான் நிற்கும். வண்டி கிடைத்த நாளில் உழுவது என்ற பழக்கத்தை விட்டாலே பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

கட்டி விழுந்தாகிவிட்டது, இப்போது என்ன செய்ய? ரோட்டாவேட்டரால் நொறுக்காதீர்கள். சித்திரை வெயிலில் அப்படியே கிடக்கட்டும்; ஒரு மழை பட்டுக் காய்ந்தால் தானாக உதிரும். அப்புறம் ஒரு சால் கொத்துக்கலப்பை போதும்.

## அறிகுறி: நெல் வயலில் வண்டி புதைகிறது, அல்லது நெல்லுக்குப் பின் உளுந்து எடுக்கவில்லை

நெல் வயலில் தட்டு இருக்கத்தான் வேண்டும். தொழி உழவில் (தண்ணீர் கட்டிச் சேறாக்கும் உழவு) உருவாகிற அந்தத் தட்டுதான் தண்ணீரைப் பிடித்து வைக்கிறது. மேட்டு நிலத்துக்குச் சொன்னதைப் படித்துவிட்டு டெல்டா வயலில் உளிக்கலப்பை இறக்கிவிடாதீர்கள், அப்புறம் ஆற்றில் வருகிற தண்ணீர் பத்தாது.

வண்டி முழங்கால் அளவு புதைந்தால், வருடம் முழுக்கச் சேறடித்து மண் பொதபொதத்திருக்கிறது. அறுவடைக்குப் பத்து நாள் முன்பே தண்ணீரை நிறுத்துங்கள். அறுத்த பிறகு மண் பாதி உலர்ந்த நிலையில், 400 கிலோ கல் உருளையையோ கல் நிரப்பிய எண்ணெய் டிரம்மையோ எட்டு தடவை உருட்ட வேண்டும் என்பது பல்கலைக்கழகப் பரிந்துரை. ஒரு போகத்துக்காவது நெல்லை விட்டுப் பயறு போட்டால் மண் காய்ந்து தேறும்.

உளுந்து எடுக்கவில்லை என்றால் அறுவடை இயந்திரத்தின் தடத்தைப் பாருங்கள். தடத்தில் மட்டும் பயிர் இல்லையென்றால் அடுத்த முறை ஈர வயலுக்கு டயர் வண்டியை விட்டுவிட்டு பெல்ட் வண்டியைக் கூப்பிடுங்கள். வாடகை கூடும், ஆனால் உளுந்து மிஞ்சும்.

## அறிகுறி: மழைக்குப் பின் வயலில் ஓடை ஓடையாக அரித்திருக்கிறது

சரிவோடு உழுதிருப்பீர்கள். சாலே தண்ணீருக்கு வாய்க்கால் ஆகிவிடும். சரிவுக்குக் குறுக்காக உழுங்கள், விதைப்பும் அதே திசையில் இருக்கட்டும். சிறிய ஓடைகளை உழுது மூடிவிட்டால் அடுத்த மழையில் அதே இடத்தில் மறுபடி திறக்கும். குறுக்கே வெட்டிவேர் வரிசை வைத்தால் மண் தங்கும்.

ஓடை முழங்கால் ஆழத்தைத் தாண்டினாலோ மேல் நிலத்துத் தண்ணீர் உங்கள் வயல் வழியாக வந்தாலோ உழவை மாற்றி மட்டும் தீராது. மட்டம் பார்த்துச் சம உயர வரப்பும் வடிவழியும் போட வேண்டும். அது வேளாண்மைப் பொறியியல் துறையின் வேலை. தனியாக ஆள் வைத்துக் கண் மட்டத்தில் வரப்பு போட்டால், ஒரு பெரிய மழையில் தண்ணீர் தேங்கி உடைத்துக்கொண்டு கீழ் வயலையும் சேர்த்து அடித்துப் போய்விடும். மனு கொடுக்கும்போது மேல் நிலத்துக்காரரையும் கூட்டிப்போங்கள். அவர் நிலத்தில் தொடங்காமல் உங்கள் நிலத்தில் மட்டும் வரப்பு போட்டுப் பயன் இருக்காது.